அசேலியா, ரோடோடென்ட்ரான், எரிக்கா: எரிக்கேசி பூச்செடிகளை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசேலியா ஒரு பேரினம் (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு), ரோடோடென்ட்ரான் வேறொரு பேரினம் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். செடி விற்பவர்களின் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கும், அதனால் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் தாவரவியலில் அசேலியா என்ற பேரினம் இப்போது கிடையாது. எல்லா அசேலியாக்களும் ரோடோடென்ட்ரானுக்குள்தான் வருகின்றன. ஏறத்தாழ 1,000 சிற்றினங்கள் கொண்ட அதுதான், எரிக்காவும் புளூபெர்ரியும் இருக்கும் எரிக்கேசி என்ற தாவரக் குடும்பத்தின் மிகப் பெரிய பேரினம்.

இது தெரிந்தவர்களும் அடுத்த தவறில் மாட்டிக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. "சரி, பேரினம் ஒன்றுதான், ஆனால் அதற்குள்ளே அசேலியாக்கள் எல்லாம் ஒரே கூட்டம்தானே?" என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இலை உதிர்க்கும் அசேலியாக்கள் ஒரு கிளையில் இருக்கின்றன, பசுமைமாறா அசேலியாக்கள் வேறொரு கிளையில் இருக்கின்றன. 1996-ல் வந்த விரிவான பட்டியலில் ரோடோடென்ட்ரான் எட்டுத் துணைப்பேரினங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் பென்டான்தெரா, சுட்சுசி என்று இந்த இரு அசேலியா வகைகளுக்கும் தனித்தனி இடம். 2005-ல் டிஎன்ஏ ஆய்வின் அடிப்படையில் எட்டை ஐந்தாகக் குறைத்தபோது, இலையுதிர் அசேலியாக்களில் பெரும்பாலானவை ஹைமனான்தெஸ் என்ற துணைப்பேரினத்துக்குள் போயின. பெரிய தடித்த இலையும் உருண்டைப் பூங்கொத்தும் கொண்ட ரோடோடென்ட்ரான்கள் இருக்கும் அதே இடம்தான் அது. பசுமைமாறா அசேலியாக்கள் அசேலியாஸ்ட்ரம் என்ற இன்னொரு துணைப்பேரினத்துக்குப் போயின. அதாவது இலையுதிர் அசேலியாவுக்கு நெருங்கிய சொந்தம் அந்தப் பெரிய இலை ரோடோடென்ட்ரான்தான், பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பசுமைமாறா அசேலியா தூரத்துச் சொந்தம். கலப்பினம் செய்கிறவர்களுக்கு இது முன்பே கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது: இலையுதிர் அசேலியாவையும் பெரிய இலை ரோடோடென்ட்ரானையும் சேர்த்து அசேலியோடென்ட்ரான் என்ற கலப்பினங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் 1753-க்குப் போக வேண்டும். தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மகரந்தத்தாள்களை எண்ணி வகைப்படுத்தினார்: ஐந்து இருந்தால் அசேலியா, பத்து இருந்தால் ரோடோடென்ட்ரான். அவர் அன்று அசேலியா என்ற பெயரில் சேர்த்த செடிகள் இன்று எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அசேலியா இன்டிகா இன்று பசுமைமாறா அசேலியாக்களோடு ரோடோடென்ட்ரான் இன்டிகம். அசேலியா விஸ்கோசா இலையுதிர் பிரிவில் இருக்கிறது. அசேலியா லப்போனிக்கா இப்போது ரோடோடென்ட்ரான் லப்போனிக்கம். துருவப் பகுதியில் தரையோடு வளரும் குட்டிச் செடி, இலையில் செதில் இருக்கும், அசேலியா வகை இரண்டிலும் சேராது. அசேலியா ப்ரோகம்பென்ஸ் ரோடோடென்ட்ரானிலேயே இல்லை, கால்மியா என்ற பேரினத்தில் இருக்கிறது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்துக் கட்டிய கூட்டம் இப்படி நான்கு திசையில் சிதறிவிட்டது. லின்னேயஸின் காலத்தில் அது வேகமாக அடையாளம் காண உதவிய நல்ல வழி, அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 270 ஆண்டுகள் கழித்தும் நாம் அதையே பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

மகரந்தத்தாள் எண்ணும் பழக்கம் ஆனாலும் போகவில்லை. "அஞ்சு இருந்தா அசேலியா" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வட அமெரிக்காவின் இலையுதிர் அசேலியாக்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் அங்கேயே ரோடோடென்ட்ரான் கனடென்ஸ் என்ற இலையுதிர் அசேலியாவுக்குப் பத்து மகரந்தத்தாள்கள். லின்னேயஸ் அதற்கு ரோடோரா என்று மூன்றாவதாக ஒரு பேரினத்தையே உண்டாக்கினார். ரோடோடென்ட்ரான் ஷ்லிப்பன்பாக்கி, கொரியாவிலும் அதைச் சுற்றியும் வளர்வது, அசேலியா என்றே விற்கப்படுவது, அதற்கும் பத்து. பசுமைமாறா அசேலியாக்களில் ஐந்து முதல் பத்து வரை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அடுக்குப் பூ ரகங்களில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருக்கும், அங்கே எண்ணுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

இலை உதிர்வதை வைத்து முடிவு செய்வதும் இதே மாதிரி ஆபத்துதான். ரோடோடென்ட்ரான் மியூக்ரோனுலேட்டம் என்ற செடியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மெல்லிய இலை, குளிர்காலத்தில் முழுக்க உதிர்ந்துவிடும், வசந்தம் தொடங்கும் முன்பே வெறும் குச்சியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் வந்துவிடும். பார்ப்பவர் யாராக இருந்தாலும் அசேலியா என்றுதான் சொல்வார், கொரிய அசேலியா என்ற பெயரிலேயே விற்கவும் செய்கிறார்கள். இப்போது ஓர் இலையைத் திருப்பிப் பிடித்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சிறு சிறு வட்டத் தட்டுகள் ஒட்டியிருப்பது தெரியும். அவைதான் செதில்கள். அசேலியாக்களுக்கு அந்தச் செதில் கிடையாது. ஆக இது செதில் உள்ள ரோடோடென்ட்ரான், இலை உதிர்க்கும் பழக்கம் அதற்குத் தனியாக வந்தது.

அந்தச் செதில்தான் இந்தப் பேரினத்தில் நம்பி ஊன்றக்கூடிய முதல் அடையாளம். செதில் உள்ளவை எல்லாம் ரோடோடென்ட்ரான் என்ற அதே பெயருள்ள துணைப்பேரினத்தில் சேரும். தென்கிழக்கு ஆசியாவிலும் நியூ கினி மலைகளிலும் ஏராளமாக வளரும் வைரேயாக்களும் இதில்தான். செதில் உள்ளதையும் இல்லாததையும் கலந்தால் விதை பிடிப்பது மிக அரிது, அந்த அளவுக்கு இடைவெளி. ஆனால் செதில் இல்லை என்றவுடன் அசேலியா என்று குதித்துவிடக் கூடாது, இதுவும் அடிக்கடி நடக்கிறது. பெரிய இலை ரோடோடென்ட்ரான்களுக்கும் செதில் இல்லை. அவற்றில் பலவற்றுக்கு இலையின் அடியில் கம்பளி போல் உரோமம் படர்ந்திருக்கும், சிலவற்றுக்கு அதுவும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். பசுமைமாறா அசேலியாவில் தட்டையான பழுப்பு உரோமங்கள் இளங்கிளையோடும் இலை நடுநரம்போடும் படிந்து ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம், விரலால் தடவினால் ஒரு பக்கமாகச் சொரசொரக்கும். அப்புறம் மொட்டைப் பாருங்கள்: பசுமைமாறா அசேலியாவில் பூவும் புதுத் தளிரும் ஒரே நுனி மொட்டுக்குள்ளிருந்து வருகின்றன, இலையுதிர் அசேலியாவில் நுனி மொட்டு பூவுக்கு மட்டும், தளிர்கள் அதற்குக் கீழே தனி மொட்டுகளிலிருந்து கிளம்பும்.

பசுமைமாறா அசேலியா என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் செடிகள் வசந்தத்தில் ஒரு தொகுதி இலையும் கோடையில் இன்னொரு தொகுதியும் விடும். வசந்த இலைகள் பெரியவை, ஆண்டு முடிவதற்குள் உதிர்ந்துவிடும்; கோடை இலைகள் சிறியவை, தடித்தவை, குளிர்காலம் முழுக்க நிற்கும். பாதி இலை கொட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இலையுதிர் வகை என்று எழுதிவைப்பவர்கள் உண்டு.

இதழ்கள் ஒட்டியிருந்தால்தான் எரிக்கேசி என்பது பாடப்புத்தகங்களிலிருந்து வரும் நம்பிக்கை. பெரும்பாலும் உண்மை, எப்போதும் உண்மையில்லை. லீடம் என்று தனிப் பேரினமாக இருந்த வடதிசைச் சதுப்புநிலச் செடிகளுக்கு ஐந்து வெள்ளை இதழ்களும் தனித்தனியாக இருக்கும். 1990-ல் கேத்லீன் கிரான், வால்டர் ஜட் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ரோடோடென்ட்ரானுக்குள், அதுவும் செதில் உள்ள கிளைக்குள், கொண்டுவந்தார்கள். குடம் போன்ற சின்னப் பூக்களால் தனியாகத் தெரிந்த மென்சீசியாவும் பின்னால் உள்ளே வந்துவிட்டது. பழைய புத்தகத்தை வைத்து அடையாளம் காண்கிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் இன்றைய பட்டியலில் தேடி ஏமாந்துபோகிறார்கள். குடும்ப மட்டத்திலும் இதே கதைதான்: ஆஸ்திரேலியாவின் எபாக்ரிஸ் கூட்டம், காற்றில் மகரந்தம் பரப்பும் எம்பெட்ரம், பச்சையமே இல்லாமல் பூஞ்சையை நம்பி வாழும் மோனோட்ரோப்பா, எல்லாம் முன்பு தனித்தனிக் குடும்பங்கள், இப்போது எரிக்கேசிக்குள்.

எரிக்காவுக்கு வருவோம். எரிக்காவும் கல்லூனாவும் ஆங்கிலத்தில் ஹீத், ஹெதர் என்று அழைக்கப்படும் இரு பேரினங்கள்; இரண்டும் ஒன்று என்று நினைப்பது மிகப் பரவலான தவறு, இரண்டும் தரிசு நிலத்தில் ஊதாப் பூவாகப் பரந்து கிடப்பதால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால் அரை நிமிட வேலை. கல்லூனாவின் இலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளச் செதில் மாதிரி, எதிரெதிராக நான்கு வரிசையில் தண்டை மூடியிருக்கும். எரிக்காவின் இலை ஊசி போன்றது, பெரும்பாலும் மூன்றோ நான்கோ சேர்ந்து ஒரே கணுவைச் சுற்றி நிற்கும். பூவில் வித்தியாசம் இன்னும் அழகானது: கல்லூனாவில் நிறம் காட்டுவது புல்லி இதழ்கள், அவை அல்லி இதழ்களைவிட நீளமாக வளர்ந்து அவற்றை மறைத்துவிடுகின்றன. எரிக்காவில் புல்லிகள் சின்னதாக அடியில் இருக்க, அல்லிக் குழலே பூவாகத் தெரியும். எரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள், பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். கல்லூனாவில் ஒன்றே ஒன்றுதான், கல்லூனா வல்காரிஸ். பூக்கும் பருவத்தை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். எரிக்கா கார்னியா குளிர்காலத்தில் பூக்கும் என்பது சரி, கோடையில் பூக்கும் எரிக்காக்களும் நிறைய இருக்கின்றன. மெக்சிகன் ஹெதர் என்று விற்கப்படும் செடியோ இந்தக் குடும்பமே இல்லை. அது கூஃபியா ஹிசோபிஃபோலியா, மருதாணியும் மாதுளையும் இருக்கும் லித்ரேசி குடும்பம். பூவைப் பிரித்தால் ஆறு தனி இதழ்கள் இருக்கும், அதிலேயே தெரிந்துவிடும்.

வெள்ளைக் குடம் போன்ற சின்னப் பூக்கள் வரிசையாகத் தொங்கினால் பியரிஸ் என்ற பேரினம் என்று எழுதிவிடுவது இன்னொரு தவறு. லூக்கோதோயி, கால்தீரியா, வாக்சினியம், ஆர்பூட்டஸ் என்ற மற்ற எரிக்கேசி பேரினங்களுக்கும் அதே மாதிரிப் பூதான். இங்கே பூவின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டுச் சூற்பையைப் பார்க்க வேண்டும், காய்க்கும் வரை பொறுத்திருந்தால் இன்னும் நல்லது. வாக்சினியத்தைச் சேர்ந்த புளூபெர்ரியின் தலையில் ஒரு சின்னக் கிரீடம் இருக்கிறதே, அது புல்லியின் மீதி. அது மேலே இருக்கிறது என்றால் சூற்பை அதற்குக் கீழே இருந்தது என்று அர்த்தம். கீழ்மட்டச் சூற்பை வாக்சினியத்தின் முக்கிய அடையாளம். கால்தீரியாவின் பழத்திலும் நுனியில் நட்சத்திரம் போல் தெரியும், அதை நம்பி வாக்சினியம் என்று முடிவு செய்யாமல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சதை பெரும்பாலும் உப்பிப்போன புல்லிதான், உள்ளே தனியாக ஒரு வெடிகனி உட்கார்ந்திருக்கும். பியரிஸில் சதையே கிடையாது, காய்ந்து ஐந்தாகப் பிளக்கும்.

அமில மண்ணைக் கேட்கும் செடி என்றால் எரிக்கேசி என்று சேர்த்துவிடுவதும் தப்பு. கமேலியா தேயிலைக் குடும்பம், கார்டினியா காப்பிக் குடும்பம். எதிர்ப்பக்கத்தில் எரிக்கா கார்னியா சுண்ணாம்பு மண்ணையும் தாங்கிக்கொள்ளும். மண் விருப்பம் வளர்ப்புக் குறிப்பு, அதை வைத்துச் சொந்தம் தீர்மானிக்க முடியாது. பூ நிறமும் அப்படித்தான்: மரமாகவே வளரும் ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் ஒரே சிற்றினத்துக்குள் ரத்தச் சிவப்பிலிருந்து வெள்ளை வரை பூக்கிறது.

பெயரட்டை எழுதும்போது ஒரு விஷயம். கடைகளில் இன்டிகா அசேலியா என்று தொட்டியில் வரும் பெரிய பூ ரகங்கள் முக்கியமாக ரோடோடென்ட்ரான் சிம்சியை வைத்து உருவாக்கிய கலப்பினங்கள். ரோடோடென்ட்ரான் இன்டிகம் என்பது ஜப்பானைச் சேர்ந்த தனிச் சிற்றினம். கலப்பினத்தின் மேல் சிற்றினப் பெயரை ஒட்டினால் அடுத்து அதைப் பார்க்கிறவர் எல்லாவற்றையும் அதிலிருந்து தவறாகவே படிப்பார். பெற்றோர் தெரியவில்லை என்றால் பேரினப் பெயரும் மேற்கோள் குறிக்குள் ரகத்தின் பெயரும் போதும்.

கடைசியாக, வகைப்பாட்டுத் தவறு உயிருக்கே வினையாகும் இடம். புளூபெர்ரி, கிரான்பெர்ரி எல்லாம் இந்தக் குடும்பம் என்பதால் மற்றவையும் வாயில் போடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரோடோடென்ட்ரான், கால்மியா, பியரிஸ், லூக்கோதோயி ஆகியவற்றில் பல சிற்றினங்களில் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இலையைத் தின்ற ஆடுகள் இறந்திருக்கின்றன. துருக்கியின் கருங்கடல் கரையில் ரோடோடென்ட்ரான் போன்டிகம், ரோடோடென்ட்ரான் லூட்டியம் பூக்களிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் தேனைச் சாப்பிட்டால் தலை சுற்றும், வாந்தி வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடும். இந்த இரண்டில் முன்னது பெரிய இலைப் பசுமைமாறாச் செடி, பின்னது மஞ்சள் பூ இலையுதிர் அசேலியா. "இது வெறும் அசேலியாதானே, ரோடோடென்ட்ரான்தானே விஷம்" என்று குழந்தையோ ஆடோ கடிக்கும் தூரத்தில் அதை வைக்காதீர்கள்.