அறுவைச் சிகிச்சை ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய அறுவைச் சிகிச்சை முறையை ஆராய்பவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு, எளிதில் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, நோயாளிக்கு முக்கியமானதை அளக்காமல் விடுவதாகும். இரத்த இழப்பு, தழும்பின் நீளம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் ஆகியவை சில வாரங்களில் கிடைத்துவிடும். புற்றுநோய் திரும்புகிறதா என்பது தெரிய ஆண்டுகள் ஆகும். தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறுதுளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்வது) அல்லது ரோபோ உதவியுடன் கருப்பையையும் சுற்றியுள்ள திசுக்களையும் அகற்றும் முறை, பெரும்பாலும் இத்தகைய குறுகிய கால நன்மைகளைக் கொண்டே பரவியது. 631 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிய பன்னாட்டு ஆய்வின் முடிவு 2018-இல்தான் வெளிவந்தது. நான்கரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த பிரிவில் 96.5 சதவீதம், சிறுதுளை வழியாகச் செய்த பிரிவில் 86 சதவீதம் மட்டுமே. ஆய்வில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதும் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது.

இத்தகைய முடிவு வரும்போது, செய்தவர்களுக்குப் போதிய பழக்கம் இருந்திருக்காது என்ற வாதம் உடனே எழும். இந்த ஆய்வில் ஒவ்வொரு மையமும் குறைந்தது 10 அறுவைச் சிகிச்சைகளின் விளைவுகளையும், வெட்டித் தொகுக்காத இரண்டு காணொளிகளையும் முன்கூட்டியே தர வேண்டியிருந்தது. பத்து போதுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதை முடிவு பிடிக்காதபோது மட்டும் கேட்பது நேர்மையாகாது.

மருத்துவரின் கைத்திறனைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இரண்டாவது தவறு. மாத்திரை யார் கொடுத்தாலும் ஒன்றே, கத்தி அப்படியல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், உடல் எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் 20 மருத்துவர்களின் காணொளிகளை, செய்தவர் யாரென்று அறியாத சக மருத்துவர்கள் மதிப்பிட்டனர். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், திறன் மதிப்பெண் மிகக் குறைந்த கால்பகுதியினரின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்கும், மிக உயர்ந்த கால்பகுதியினரின் நோயாளிகளில் 5.2 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. எனவே இரு முறைகளை ஒப்பிடுபவர், ஒவ்வொரு மருத்துவரும் அந்த முறையை அதுவரை எத்தனை முறை செய்திருந்தார் என்பதைப் பதிவுசெய்யாவிட்டால், முறையின் குறையையும் கற்றுக்கொள்ளும் காலத்தின் குறையையும் பிரித்தறிய இயலாது.

பயிற்சி பற்றிய ஆய்வுகளில், பயிற்சிக் கருவியில் பெற்ற மதிப்பெண்ணோடு நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு 16 பயிற்சி மருத்துவர்களை மட்டுமே கொண்டது என்றாலும், கணினிவழி மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அறுவை அரங்கிலேயே, உண்மையான பித்தப்பை அறுவைச் சிகிச்சையில் வைத்து ஒப்பிட்டது. பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தனர், தவறுகளும் குறைந்தன.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி குறைந்தது என்பதை மட்டும் சான்றாகக் கொள்வதும் தவறே. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆர்த்ரோஸ்கோப்பி (சிறுதுளை வழியாக மூட்டுக்குள் கேமராவைச் செலுத்திச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டவர்களையும், தோலில் மட்டும் கீறல் போடப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், 180 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும், சிகிச்சை பெற்றவர்களின் வலி மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. எல்லாவற்றையும் ஒரே மருத்துவர் செய்ததால் கைத்திறன் வேறுபாடு குறுக்கிடவில்லை. அதனாலேயே, மற்ற மருத்துவர்களுக்கும் அந்த முடிவு பொருந்துமா என்று விமர்சகர்கள் கேட்டனர்.