கயாக்கில் ட்ரவுட் மீன்பிடிப்பு: சியாட்டில் பக்க ஏரிகளில் தொடங்குவது எப்படி

வாஷிங்டன் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை வந்தால், பருவம் பார்த்துத் திறக்கும் தாழ்நில ஏரிகளின் கரையெல்லாம் திருவிழாக் கூட்டம். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்காகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூண்டில் வீசுவார்கள். ஒருவர் தூண்டில் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்கும். கயாக் என்ற சிறு துடுப்புப் படகு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், வீசவே தெரியாதவரும் மீன் பிடிக்கலாம். தூண்டிலைப் பின்னால் விட்டு, மெதுவாகத் துடுப்புப் போட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் வேலை. இதை ட்ரோலிங் என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த ஒரு முறையைப் பழகினால் போதும். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: உரிமமும் ஏரியும்

15 வயது நிரம்பியவர்களுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் கட்டாயம். அது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும் என்பதால், மார்ச்சில் வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் தளத்திலேயே வாங்கலாம். துடுப்பால் மட்டும் ஓடும் கயாக்கைப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

மீன்பிடிப்பவர்களுக்காகத் துறையே ஏரிகளில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விடும். அந்த விடுவிப்பு அறிக்கை அதே தளத்தில் இருக்கிறது. எந்த ஏரியில், என்றைக்கு, எத்தனை மீன் விட்டார்கள் என்று அதில் போட்டிருப்பார்கள். மீனின் அளவை ஒரு பவுண்டுக்கு எத்தனை மீன் என்று குறிப்பார்கள். ஆகவே அந்த எண் சின்னதாக இருந்தால் மீன் பெரிது. இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் ஏரிக்குக் கிளம்புவது எனக்குப் புரியாத விஷயம்.

முதல் முறைக்கு சியாட்டில் நகருக்குள் இருக்கும் க்ரீன் லேக் நல்லது. பெட்ரோல் மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லாததால் அலை அடித்து உங்களைக் கவிழ்க்க யாரும் வரமாட்டார்கள். நார்த் பெண்ட் அருகேயுள்ள ராட்டில்ஸ்னேக் லேக்கும் அப்படித்தான். 1915-ல் அணைநீர் கசிந்து மங்க்டன் என்ற சிற்றூர் மூழ்கிய இடம் அது. நீர் வற்றும்போது பழைய மரங்களின் அடிக்கட்டைகள் தெரியும். ஆனால் அங்கே தூண்டில் முள், இரை பற்றிய விதிகள் கடுமை. பொதுவாக ஏரிகளில் ஒரு நாளைக்கு 5 ட்ரவுட் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஏரிக்கு ஏரி விதி மாறும். கிளம்புமுன் அந்த ஏரியின் பெயரைத் தேடிப் படித்துவிடுங்கள்.

படி 2: குளிர்நீர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஏப்ரல் கடைசியில் வெயில் சுள்ளென்று அடிக்கும், டி-சர்ட் போதும் என்று தோன்றும். ஏரி நீரோ ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். விழுந்தவுடன் மூச்சு தானாக வாரி இழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் நீச்சல் வீரரானாலும் தண்ணீர் குடித்துவிடுவார். குளிர்நீர்ப் பயிற்சிகளில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் அந்தக் கடைசி ஒரு மணி நேரம் வரை போவதே இல்லை.

ஆகவே உடையை நீரின் குளிருக்கு ஏற்பப் போடுங்கள், காற்றின் வெப்பத்தைப் பார்த்து அல்ல. உடலை ஒட்டிச் சூடு காக்கும் வெட்சூட் உடை இருந்தால் உத்தமம். ஜீன்ஸ், பருத்தித் துணி வேண்டாம். இம்மாநிலச் சட்டப்படி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும். 19 அடிக்குக் குறைந்த படகுகளில் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் அதை அணிந்தே ஆக வேண்டும். பெரியவர்கள் காலடியில் போட்டு வைக்கலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விசில், நீர்புகாத பையில் கைபேசி, கூட ஒரு நண்பர், இவ்வளவும் இருக்கட்டும்.

கயாக் வாங்கும்போது மேலே உட்காரும் வகையைப் பாருங்கள். கவிழ்ந்தாலும் அதில் தண்ணீர் நிரம்பாது, புரட்டிப்போட்டு மறுபடி ஏறலாம். அப்படி ஏறுவதைக் கோடையில், இடுப்பளவு நீரில், நாலைந்து தடவை பழக வேண்டும். பழகும்வரை கரையை ஒட்டியே போங்கள்.

படி 3: சாமான்கள்

கடையில் எதைப் பார்த்தாலும் வேண்டும்போல இருக்கும். வேண்டியது கொஞ்சம்தான்: ஆறு, ஆறரை அடி நீளமுள்ள மெல்லிய தூண்டில் கோல், நரம்பைச் சுற்றிவைக்கும் சின்ன ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. அதன் நுனியில் ஸ்விவெல் என்ற சுழலும் சிறு இணைப்பு, அதற்கப்பால் 4 பவுண்டு நரம்பு மூன்று அடி. ஸ்விவெல் இல்லாவிட்டால் சுழலும் இரை நரம்பையே முறுக்கிச் சிக்காக்கிவிடும். போலி இரைகளில் ஸ்பூன் எனும் சின்ன வளைந்த உலோகத் தகடு இரண்டு, ரூஸ்டர் டெயில் மாதிரி சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் இரண்டு, வூலி பக்கர் எனும் கருப்பு அல்லது ஆலிவ் நிற இறகு இரை ஒன்று. பிறகு ரப்பர் கண்ணியுள்ள கைவலை, மூக்குக் குறடு. துடுப்பைப் படகோடு கட்ட ஒரு கயிறு மறக்கவே கூடாது. மீன் கடித்த பரபரப்பில் துடுப்பைத்தான் முதலில் கைவிடுவீர்கள்.

கோலைச் செருகும் தாங்கி உங்களுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் இருந்தால் கோல் நுனி கண்ணில் படாது. மீன் காட்டும் கருவி இப்போதைக்கு வேண்டாம். வசந்தத்தில் துறை விட்ட மீன்கள் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே, பத்தடிக்குள் திரியும்.

படி 4: இழுப்பது

விடியற்காலையில் போங்கள், காற்று அடங்கியிருக்கும். புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

கரையிலிருந்து சற்று விலகியதும் இரையை நீரில் போட்டு, துடுப்புப் போட்டபடியே 80 முதல் 100 அடி நரம்பு விடுங்கள். ரீலின் டிராகை, அதாவது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதைக் கட்டுப்படுத்தும் பிடியை, தளர்வாகவே வையுங்கள். கையால் இழுத்தால் சிரமமில்லாமல் நரம்பு வர வேண்டும். படகும் ஓடுகிறது, மீனும் எதிர்த்திசையில் இழுக்கிறது என்றால் இறுக்கமான நரம்பு பட்டென்று அறுந்துவிடும்.

இனி வேகம். சாதாரணமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு மூன்று மைல் போகும். ட்ரவுட்டுக்கு அது அதிகம். ஒன்றரை மைல் போதும். சோம்பேறித்தனமாகத் துடுப்புப் போட வேண்டும், அவ்வளவுதான். கரையருகே தெளிந்த நீரில் இரையைப் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். ஸ்பூன் தள்ளாடி ஆட வேண்டும். பம்பரமாகச் சுற்றினால் வேகத்தைக் குறையுங்கள்.

நேர்கோட்டில் போகாதீர்கள். பாம்பு ஊர்வதுபோல் வளைந்து வளைந்து போனால், ஒரு பக்கம் திரும்பும்போது இரை மெதுவாகித் தாழும், அடுத்து நேராகும்போது வேகமெடுத்து மேலே வரும். எந்த இடத்தில் கடிக்கிறது என்று கவனியுங்கள். திரும்பும்போதே கடித்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஏரி உங்களுக்குச் சொல்லும் ஒரே செய்தி இதுதான், விட்டுவிடாதீர்கள். கடித்த இடத்தைக் கரையிலுள்ள ஒரு மரத்தை வைத்துக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்து அதே இடத்தில் இன்னொரு முறை இழுங்கள். துறை விட்ட ட்ரவுட் கூட்டமாகவே திரியும்.

படி 5: கடித்துவிட்டது

கோல் நுனி துள்ளியதும் கோலுக்குப் பாயாதீர்கள். இரண்டு வீச்சு துடுப்புப் போடுங்கள், நரம்பு இறுகி முள் பதியும். பிறகு துடுப்பை மடியில் போட்டுக் கோலை எடுங்கள். மீன் பக்கத்தில் வந்ததும் வலையை முதலில் நீரில் வைத்து, மீனை அதன் மேல் இழுத்து வாருங்கள். எட்டிக் குனிய வேண்டாம். தலை படகின் விளிம்பைத் தாண்டினால் உடம்பும் பின்னாலேயே போகும்.

பிடித்துத் திரும்ப ஏரியில் விடப்போகிற மீன் என்றால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முள் ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வெட்டிவிடுங்கள். கோடையில் நீர் 20 டிகிரியை நெருங்கினால் ட்ரவுட்டுக்கு மூச்சுத் திணறும். அப்போது விட்டாலும் பல பிழைக்காது. அந்த நாட்களில் நான் போவதில்லை.

நங்கூரம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நங்கூரமிட்டு ஈயக்குண்டும் மிதக்கும் இரையும் போட்டு உட்காருவதும் ஒரு வழிதான். ஆனால் நங்கூரக் கயிற்றைப் படகின் முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். நடுப்பக்கத்தில் கட்டினால் ஒரு காற்றுக்குப் படகு கவிழும்.

படி 6: வீட்டுக்கு

வைத்துக்கொள்ளும் மீனை உடனே பனிக்கட்டியில் போடுங்கள். கயாக்கை ஏரியை விட்டுக் கிளம்பும் முன்பே கழுவி, நீரை வடித்து, காயவையுங்கள். ஒரு ஏரியின் களைச்செடியை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோவது அப்படித்தான் நடக்கிறது.

சமையலுக்கு ஒரு வார்த்தை. இது நீலகிரியில் அவலாஞ்சி பண்ணையில் வளர்க்கும் அதே ரெயின்போ ட்ரவுட்தான். அதன் பூர்வீகம் இந்தப் பசிபிக் கரை. செதில் மிகப் பொடியானது, சீவ வேண்டாம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தபின், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் கழுவாவிட்டால் கசக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி, தோசைக்கல்லில் முழு மீனாகவே வறுங்கள். சதை மென்மை என்பதால் குழம்பில் போட்டால் கரைந்துவிடும்.