நாய் உறுமினால் அடிக்காதீர்கள்

நாய் உறுமினால் நம்மில் பலர் முதலில் செய்வது அதட்டுவது, இல்லையென்றால் மூக்கில் ஒரு தட்டு தட்டுவது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். "கிட்டே வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல நாய்க்கு இருக்கும் நல்ல வழி உறுமல். அதற்கு அடி கொடுத்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லாமல் பல் பதியும், நாமும் "ஒண்ணுமே செய்யல, திடீர்னு கடிச்சிடுச்சு" என்போம்.

உண்மையில் திடீர்க் கடி ரொம்ப அபூர்வம். உறுமுவதற்கு முன்பே நாய் உதட்டை நக்கும், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். உடம்பு விறைத்து அப்படியே உறைந்து நின்றால் உடனே விலகிவிடுங்கள். வால் ஆடுகிறதே என்று நம்ப வேண்டாம், விறைப்பாகத் தூக்கிய வாலும் ஆடும்.

சாப்பிடும்போது கிண்ணத்தில் கைவிட்டுப் பழக்கினால் கோபம் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் நேர்மாறாகத்தான் முடியும். நாய் வேகவேகமாக விழுங்க ஆரம்பிக்கும், நீங்கள் பக்கத்தில் போனாலே தலை கிண்ணத்துக்குள் இன்னும் தாழும், தோள் இறுகும். கிண்ணத்தைத் தொடவே வேண்டாம். நாய் விறைக்காத தூரத்தில் நின்று ஒரு துண்டு இறைச்சியைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தினமும் இப்படிச் செய்தால், நீங்கள் வருவது பிடுங்க அல்ல, கொடுக்கத்தான் என்பது அதற்குப் புரியும்.

"யார் எஜமான் என்று காட்டணும்" என்று நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்குபவர்களும் இருக்கிறார்கள். இந்த எண்ணத்தின் வேர், 1947-ல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காக மோதிக்கொள்கின்றன என்று எழுதியதில் இருக்கிறது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் தெளிவாக எழுதினார், இத்தனைக்கும் தலைமை ஓநாய் என்ற பேச்சு பரவ அவருடைய பழைய எழுத்தே ஒரு காரணம். பயந்த நாயை அமுக்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளக் கடிக்கும், அவ்வளவுதான்.

வலியை மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எங்கள் நாய் ஒரு வாரமாகத் தலையைத் தொட்டாலே சீறியது, நாங்கள் திமிர் என்று நினைத்து அதட்டிக்கொண்டே இருந்தோம். மருத்துவர் காது மடலைத் தூக்கிக் காட்டினார், உள்ளே சிவந்து வீங்கி, கெட்ட வாடையோடு சீழ். அது எவ்வளவு துடித்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. காது, பல், மூட்டு எங்கே வலித்தாலும் சாதுவான நாய்கூடக் கடிக்கலாம். குணம் மாறினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகு.

விருந்தாளியைப் பார்த்துக் குரைக்கும் நாயைச் சங்கிலியோடு இழுத்துப்போய் "தடவிப் பாருங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்வது இருவருக்குமே கொடுமை. வேறு அறையில் விடுங்கள், அல்லது அது அமைதியாக இருக்கும் தூரத்தில் வைத்துத் தின்பண்டம் கொடுத்து நாள்கணக்கில் மெல்ல மெல்லத் தூரத்தைக் குறையுங்கள். சிறு குழந்தையை நாயோடு தனியே விடவே கூடாது, எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி.

வாய்க்கூடு மாட்டுவதை அவமானமாக நினைக்க வேண்டாம். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வகையாக வாங்கி, தின்பண்டம் வைத்துப் பொறுமையாகப் பழக்குங்கள். இத்தனைக்குப் பிறகும் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று விடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.