போஸ்ட் டூட்டி மதியத்தை மீட்பது எப்படி? பி.ஜி. காலத்தில் கொஞ்சம் வாழ்வதற்கு ஒரு செய்முறை

எம்.டி. பொது மருத்துவம் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து பரீட்சை எழுத வந்த சித்தி மகள், "அக்கா, மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். அப்போதுதான் உறைத்தது, சென்னைக்கு வந்ததிலிருந்து நான் ஒருமுறைகூடக் கடலைப் பார்க்கவில்லை. விடுதி வாசலில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். தென்காசியிலிருந்து வந்தவளுக்குக் கடல் என்றால் சும்மாவா? இருந்தும் போகவில்லை. நேரமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் கொஞ்சம் இருந்தது. அதை எங்கே தொலைத்தேன் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இப்போது அந்த முதுநிலைப் படிப்பு (பி.ஜி.) முடிந்துவிட்டது. தொலைத்த நேரத்தை எப்படி மீட்டேன் என்று ஜூனியர்கள் ஆளுக்கொரு தடவை கேட்பதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். யூனிட்டுக்கு (துறைக்குள் சேர்ந்து வேலை செய்யும் டாக்டர்கள் குழு) வாரம் ஒரு அட்மிஷன் டே வரும் துறைகளை மனதில் வைத்து எழுதியது. அட்மிஷன் டே என்றால் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு இரவும் பகலும் வார்டில் இருக்கும் நாள், அதற்கு அடுத்த நாள்தான் போஸ்ட் டூட்டி. கேஸ் ஷீட், லாக் புக், தீசிஸ் பற்றியெல்லாம் இங்கே ஒன்றும் இல்லை.

படி 1: ரோஸ்டரைச் சுவரில் ஏற்றுங்கள்

மாத ரோஸ்டர் (யாருக்கு என்று டூட்டி என்ற அட்டவணை) வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக வரும். அதை அப்படியே விட்டால் நாளை என்ன டூட்டி என்பது மட்டும்தான் கண்ணில் படும். நகைக்கடையிலோ மளிகைக் கடையிலோ இலவசமாகக் கொடுக்கும் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை வாங்கி, கட்டிலுக்கு எதிரே மாட்டுங்கள். அட்மிஷன் டே சிவப்பு. அதற்கு அடுத்த நாள் மதியம் பச்சை. செமினார், ஜர்னல் கிளப் எல்லாம் சாதாரண நீலம்.

போனில் காலண்டர் செயலி இருக்கிறதே என்பீர்கள். நானும் மூன்று செயலிகள் வைத்துப் பார்த்தேன். போனைத் திறந்தவுடன் யூனிட் குழுவில் யாராவது 'அந்த பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததா?' என்று கேட்டிருப்பார்கள். அதோடு காலண்டர் மறந்துபோகும். இந்த விஷயத்தில் எனக்குக் காகிதம்தான் உசத்தி.

படி 2: விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்

1992-ல் வந்த மத்திய ரெசிடென்சி திட்டத்தில் (நம்மைப் போன்ற பயிற்சி டாக்டர்களின் பணி விதிகள்) வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலைக் கல்வி விதிகள் வாரம் ஒரு நாள் விடுமுறை, வருடத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவு, 5 நாள் கல்வி விடுப்பு என்கின்றன. கூடவே பணியின் அவசியத்துக்கு உட்பட்டு என்று ஒரு வால். நம் வாழ்க்கை முழுக்க அந்த வாலில்தான் தொங்குகிறது. 2024-ல் அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே என்று முதல் வருட பி.ஜி. கேட்கமாட்டாள், 74 என்றாலே அவளுக்குப் பாதி லீவு போட்ட மாதிரி.

லீவை மட்டும் ஜனவரியிலேயே பிரித்து எழுதிவையுங்கள். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று விட்ட எட்டு நாள் எனக்கு அப்படியே போனது.

படி 3: போஸ்ட் டூட்டி மதியம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

அட்மிஷன் டே காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். மறுநாள் ரவுண்ட்ஸ், ஸ்கேனுக்கு அலைவது, டிஸ்சார்ஜ் எல்லாம் முடிய மதியம் மூன்று ஆகும். அறைக்கு வருவேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து 'அஞ்சே நிமிஷம்' என்று போனை எடுப்பேன். ஒரு மணி நேரம் ரீல்ஸ். நாலு மணிக்கு அப்படியே சாய்ந்தால் ராத்திரி பதினொன்றரைக்கு முழிப்பு வரும். மெஸ் மூடியிருக்கும். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மூன்று மணி வரை விட்டத்தைப் பார்த்துக் கிடப்பேன். காலை ஏழரைக்கு மறுபடி வார்டு. வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே மாலை இப்படிப் போனது, அதோடு அடுத்த நாளும் கெட்டது. ஒன்பது மாதம் இதைச் செய்துவிட்டு, நேரமே இல்லை என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன்.

சரிசெய்தது இப்படி:

முதலில், வார்டை விட்டுக் கிளம்பும்போதே சாப்பிட்டுவிடுங்கள். அறைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றால் சாப்பிடமாட்டீர்கள். பிரியாணி வேண்டாம், தயிர்சாதம் போதும். (பிரியாணியோடு பரிசோதனை செய்துவிட்டுத்தான் சொல்கிறேன். அலாரம் தோற்றது.)

அறைக்குள் நுழைந்ததும் போன் மேசையில், சார்ஜரில். கட்டிலுக்கு எட்டாத தூரத்தில். பிறகு குளியல். பிறகுதான் கட்டில்.

அலாரம் 90 நிமிடத்துக்கு. ஒரு தூக்கச் சுழற்சி ஏறக்குறைய 90 நிமிடம் என்று நமக்கு எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள், நான்தான் அதைப் பரீட்சையோடு விட்டுவிட்டேன். முதலில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தேன். அந்தி நேரத்தில் எழுந்து, இது காலையா மாலையா என்று தெரியாமல் பல் தேய்த்திருக்கிறேன். இருபது நிமிடமும் வைத்துப் பார்த்தேன். முப்பது மணி நேரம் முழித்தவளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 90 நிமிடம் கழித்து எழுந்தாலும் முதல் கால் மணி நேரம் கொடுமையாகத்தான் இருக்கும். கடலாவது மண்ணாவது, படுத்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும். தூங்கி எழுந்த மந்தம்தான் அது, மனசின் பேச்சு இல்லை. அந்தக் கால் மணி நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. முகம் கழுவி, முதல் நாளே எடுத்துவைத்த உடையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். என் அறைத்தோழி ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) படித்தாள். என்னைக் கதவைத் தட்டி எழுப்புவதை ஒரு பிரசவம் பார்ப்பதுபோலச் செய்வாள். அப்படி ஒருத்தி கிடைத்தால் விடாதீர்கள்.

ஐந்தரைக்குள் வெளியே இருக்க வேண்டும். டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், அப்போது இன்னும் சீக்கிரம். ஐந்து மணிக்கு மேல் காபி கூடாது. காஃபினின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம், பத்து மணிக்குத் தூங்கவேண்டியவளுக்கு அது கணக்கு உதைக்கும். பத்துக்கு விளக்கை அணைத்தால் காலை ஆறு வரை எட்டு மணி நேரம். ராத்திரி ஒரு நொடிகூடக் கண்மூடாத டூட்டி என்றால் ஒன்பதுக்கே அணையுங்கள்.

படி 3-இன் வால்: வண்டியைத் தொடாதீர்கள்

ஒரு போஸ்ட் டூட்டி மதியம் பூந்தமல்லி நெடுஞ்சாலை சிக்னலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார். "வீட்ல போய்த் தூங்கும்மா" என்றார். 24 மணி நேரம் முழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் இரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதுபோல ஆகிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிப்பது 0.03. கேஷுவாலிட்டியில் குடித்துவிட்டு விழுந்தவர்களைத் தைத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே நிலையில் நாம் வண்டியை உதைக்கிறோம். அன்றிலிருந்து போஸ்ட் டூட்டி என்றால் பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோதான்.

படி 4: எங்கே போவது

எனக்கு நான் வைத்த நிபந்தனை: அரை மணி நேரத்தில் போய்ச்சேர வேண்டும், இருநூறு ரூபாய் தாண்டக்கூடாது, கடைசி நிமிடத்தில் ரத்தானால் யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். முன்பதிவு செய்த சினிமா, தோழியின் பிறந்தநாள் விருந்து இதெல்லாம் ஐ.சி.யூ.விலிருந்து ஒரு போன் வந்தால் கடனாக மாறிவிடும்.

என்னைக் காப்பாற்றியது பறக்கும் ரயில், மேம்பாலத்தின் மேல் ஓடும் சென்னை உள்ளூர் ரயில். டீ விலைக்கு டிக்கெட். ஜன்னலோரம் உட்கார்ந்தால் திருவல்லிக்கேணி மொட்டைமாடிகள், துணி காயும் கொடிகள், கலங்கரை விளக்கம், மயிலாப்பூர் என்று ஊர் ஓடும். பசுமைவழிச் சாலை தாண்டிக் கோட்டூர்புரம் வருவதற்குள் அடையாற்றின் மேலே போகும் அந்த அரை நிமிடத்துக்காகவே பலமுறை போயிருக்கிறேன். திருவான்மியூரில் இறங்கித் திரும்பி வருவேன். சில நாள் கடற்கரை வரை நடப்பேன். கடலில் கால் நனைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

எழும்பூர்ப் பக்கம் விடுதி என்றால் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-ல் திறந்தது. அங்கே போய் மருத்துவப் புத்தகம் எடுத்தால் உங்களோடு நான் பேசமாட்டேன். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா அத்தோ என்கிற நூடுல்ஸ். வாழைத்தண்டு சூப்போடு சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். இளம் பாடகர்கள், காலி நாற்காலிகள், குளுகுளு ஏ.சி. எனக்கு ராகம் ஒன்றும் தெரியாது. ஆலாபனை ஆரம்பித்ததும் தூங்கி, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எழுப்பிவிட, பிறகு கேண்டீனில் ஒரு கீரை வடை. பக்கத்து மாமி, "டாக்டரா? தூங்கும்மா, தூங்கு" என்று தன் சால்வையைக் கொடுத்தார்.

படி 5: வார்டுக்குள்ளேயே கொஞ்சம்

அட்மிஷன் டேக்கு ஒரு அரை லிட்டர் எவர்சில்வர் பிளாஸ்க் வாங்குங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இரண்டு வாரத்தில் டெட்டால் வாசனை ஏறிவிடும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு, டப்பாவில். சாயங்காலம் வரை கெடாது, ஸ்பூன் வேண்டாம், மூன்று நிமிடத்தில் முடியும். சட்னி வேண்டாம், வெயிலில் புளித்துவிடும்.

அம்மா முதல் வருடத்தில் மெல்ல மெல்லப் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். "நீ வேலையா இருப்பே, தொந்தரவு பண்ண வேணாம்னுதான்" என்றார். நான் எடுக்காமல் விட்ட ஒவ்வொரு அழைப்பையும் எண்ணியிருக்கிறார் போலிருக்கிறது. பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன். வார்டிலிருந்து விடுதிக்கு நடக்கும் ஏழு நிமிடத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ். என்ன சாப்பிட்டேன், எந்தப் பாட்டி என் கன்னத்தைத் தடவினார் என்று அற்ப விஷயங்கள்தான். அம்மா மாலையில் பதில் அனுப்புவார். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். நள்ளிரவு மூன்று மணிக்கு, அடுத்த அட்மிஷன் வரும்வரை, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

படி 6: பண்டிகை மாற்றல்

இரண்டு மாதம் முன்பே பேசுங்கள். எங்கள் யூனிட்டில் கிறிஸ்துமஸ் டூட்டியை நான் எடுத்தேன், பொங்கலை ஆல்வின் எடுத்தார் (பெயர் மாற்றியிருக்கிறேன்). மாற்றிக்கொண்டதைக் காகிதத்தில் எழுதி ஏ.பி.யிடம் (உதவிப் பேராசிரியர்) கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையாக மாற்றி, போகி அன்று காலை ஊருக்குப் பஸ் ஏறியபின் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறேன். தீபாவளி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு விடை இல்லை.

பிற்சேர்க்கை

ஓ.ஜி., சர்ஜரி படிப்பவர்கள் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள்: "ஒன்றுவிட்டு ஒரு நாள் டூட்டி, எங்களுக்கு ஏது போஸ்ட் டூட்டி மதியம்?" நியாயம்தான், படி 3 உங்களுக்குப் பொருந்தாது. என் அறைத்தோழி செய்தது இது: குளித்தபின் மொட்டைமாடியில் இருபது நிமிடம், போன் இல்லாமல், ஒரு டம்ளர் டீயோடு. மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பறக்கும் ரயில். மற்ற ஞாயிறுகளில் தூக்கம்தான்.

இன்னொருவர், இதெல்லாம் செய்தும் இரண்டு வாரமாக எதுவும் ருசிக்கவில்லை, தூங்கினாலும் அசதி போகவில்லை என்று எழுதினார். அதற்கு ரயில் ஜன்னல் போதாது. 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். உங்கள் மருத்துவமனை மனநலத் துறையில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்று கூச்சமாக இருந்தால் இது சுலபம். நான் ஒருமுறை அழைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். இதை முதலில் எழுதியபோது விடுதிச் சத்தத்துக்கு நுரைப் பஞ்சுக் காதடைப்பான் போடச் சொல்லியிருந்தேன். போட்டுக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் அலாரம் கேட்காமல் ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து எனக்குத் திட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு காதில் மட்டும் போடுங்கள், அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்காதீர்கள், தலையணைப் பக்கம் இருக்கட்டும். திறந்த காது மேசைப் பக்கம்.