கொலஸ்ட்ரால் கூடிவிட்டதா? எந்த எண் கூடியது என்று முதலில் பாருங்கள்

கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்றதும் பல வீடுகளில் முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். ஆனால் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. எது கூடியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சமையலில் கை வைக்க வேண்டும்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குள், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 100க்குள், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 150க்குள் இருப்பது நல்லது. எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் எல்டிஎல் இன்னும் கீழே இருக்க வேண்டும்; அந்த அளவை டாக்டர் சொல்வார். எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம். அப்போது சாப்பாட்டை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள்.

படி 2: எல்டிஎல் கூடியிருந்தால் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்வது கல்லீரல். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், ஆட்டுக்கறிக் கொழுப்பு ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அந்த வேலையை மந்தமாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு முட்டையைவிட இதுதான் பெரிய காரணம். எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலிலும் இல்லைதான், ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் தாராளமாக வாங்கலாம், தாராளமாக ஊற்றக் கூடாது. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசையைச் சுற்றி ஒரு டீஸ்பூன் விட்டால் நாலு தோசைக்கு 20 மில்லி; அன்றைய கணக்கே அதோடு தாண்டிவிடும். அதனால் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றாமல், உள்ளே ஒரு டீஸ்பூனைப் போட்டு வையுங்கள்.

அப்புறம், தினமும் கரையும் நார்ச்சத்து வேண்டும். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுகிறதே, அந்த வழவழப்பில் இருப்பது அதுதான். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். புதிதாகப் பித்தம் செய்ய கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். அவரை, கொத்தவரை, கொய்யா, ஓட்ஸ், சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

படி 3: டிரைகிளிசரைடு கூடியிருந்தால் சாதத்தைக் குறையுங்கள்

இங்கே எண்ணெயைவிடச் சாதம், மைதா, சர்க்கரை, மது ஆகியவைதான் முக்கியம். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சாதம் போட்டுக்கொள்வது நம் வழக்கம். ஒரே முறை போடுங்கள். ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடியுங்கள். தட்டில் பாதி பொரியலும் கூட்டும் இருக்கட்டும். குதிரைவாலி, சாமைக்கு மாறினாலும் அளவு அளவுதான். மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பு வைக்கலாம், பொரிக்க வேண்டாம். மதுவை விட்டுவிடுங்கள்.

படி 4: நடங்கள்

வாரம் 150 நிமிடம். 30 நிமிடமாக ஐந்து நாள் நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். நடைப்பயிற்சி டிரைகிளிசரைடை நன்றாகக் குறைக்கும், எச்டிஎல்லை மெல்ல ஏற்றும். எல்டிஎல்லுக்குச் சாப்பாட்டு மாற்றம்தான் கூடுதலாக உதவும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று, மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 5: மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள்

முடிந்தால் அதே லேபில், 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து ரத்தம் கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் எண் இறங்கிவிட்டது என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்; அளவைக் குறைப்பதா, தொடர்வதா என்று அவர் முடிவு செய்யட்டும்.