செட்டிநாட்டுப் பெரியவர்களின் விக்கிப்பீடியா கட்டுரைகள்: திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரியவர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளைத் திருத்த உட்காருகிறவர்கள் பலரும் எழுத்துப்பிழையில் தொடங்கி, எழுத்துப்பிழையோடு எழுந்துவிடுகிறார்கள். ஒற்று சரி, ஒருமை பன்மை சரி, ஆகவே கட்டுரையும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். வாசகரை ஏமாற்றும் பிழைகளோ பெயரிலும் ஆண்டிலும் ஊரிலும் இருக்கின்றன. இலக்கணம் சுத்தமான வாக்கியத்துக்குள்ளும் அவை கண்ணில் படாமல் இருந்துவிடும்.

முதலில் பெயர். செட்டிநாட்டில் தலைப்பெழுத்து ஓர் எழுத்தோடு நிற்பதில்லை. தமிழறிஞர் வ. சுப. மாணிக்கம் பெயரில் உள்ள ‘சுப.’ ஒரே பெயரின் சுருக்கம். தந்தை சுப்பிரமணியனைக் குறிப்பது. அதை ‘சு. ப.’ என்று பிரித்து எழுதுகிறவர் ஒழுங்கு செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்தில் இல்லாத ஒரு முன்னோரை உண்டாக்கிவிடுகிறார். ‘ராம.’, ‘அரு.’, ‘லெ.’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘லெ.’ என்பதைப் பார்த்து ‘இல.’ என்று இலக்கணப்படி மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். கட்டுரைக்கு உரியவர் எப்படிக் கையெழுத்திட்டார், தம் நூல் அட்டையில் எப்படி அச்சிட்டார் என்று பாருங்கள்; கட்டுரைத் தலைப்பு அதுதான். மற்ற வடிவங்களுக்கு, தேடுகிறவரை அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோய்விடும் ஒரு வழிமாற்றுப் பக்கம் போதும்.

அப்புறம் சுவீகாரம், அதாவது தத்து. ஒரே மனிதருக்கு ஓரிடத்தில் ஒரு தந்தை பெயரும், இன்னோரிடத்தில் வேறு தந்தை பெயரும் வந்தால் ஒன்று பிழை என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் குடும்பங்களில் இப்படிப் பிள்ளை கூட்டிக்கொள்வது சாதாரணம். போகிற வீட்டில் தலைப்பெழுத்து மாறும், சில நேரம் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், சுவீகாரம் போன வீட்டில் நாராயணன். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பெயர்களும் கட்டுரையில் வர வேண்டும், இரண்டுக்கும் சான்று வேண்டும். எந்த வீட்டுக்கு யார் பிள்ளை என்பதில் சொத்து விவகாரமும் உறவுச் சிக்கலும் கலந்திருக்கும். அதனால் ஊகத்தில் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

காலத்தை மறந்து எழுதுவது இன்னொரு பெரிய தவறு. காரைக்குடியில் கல்லூரிகள் தொடங்கிய அழகப்பச் செட்டியார் 1909 ஏப்ரல் 6 அன்று கோட்டையூரில் பிறந்தார். கோட்டையூர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அப்படி ஒரு மாவட்டம் அன்று கிடையாது. இராமநாதபுரம் மாவட்டமே 1910இல்தான் அமைந்தது, அது பிரிந்தது 1985இல். ‘இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கோட்டையூர்’ என்று எழுதினால் தீர்ந்தது. மேலைச்சிவபுரி, ராயவரம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். பிறந்த தேதியைத் தமிழ் ஆண்டிலிருந்து மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். கீலக வருடம் தொடங்கியது 1908 சித்திரையில். ஆனால் கீலக வருடத்துப் பங்குனி 1909இல்தான் வரும். ஆண்டை மட்டும் பார்த்து 1908 என்று போட்டால், அழகப்பருக்கு ஒரு வயது கூடிவிடும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், தாத்தா பேரன் தேதிகள் குழம்புவதும் உண்டு.

பட்டங்களுக்கும் காலம் உண்டு. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியது 1920இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் ‘ராஜா’ பட்டம் வந்ததும் 1929இல். 1920ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லும் பத்தியில் அவரை ‘ராஜா’ என்று எழுதக் கூடாது. ‘செட்டிநாட்டு அரசர்’ என்று மொட்டையாக எழுதினால் வெளியூர் வாசகர் இங்கே ஒரு அரசாங்கம் நடந்ததாகவே நினைத்துக்கொள்வார். ஆங்கிலேய அரசு கொடுத்த பட்டம் என்று ஒரு வரி சேர்ப்பது அவசியம்.

இப்போது புகழ்மொழிக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ‘கல்விக் கண் திறந்த கலியுகக் கர்ணன்’ என்று ஒரு வரி இருக்கும். கொடுத்தது என்ன, யாருக்கு, எப்போது என்று தேடினால் கட்டுரையில் எங்கும் இருக்காது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைய அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் நிறுவனம் திறக்கப்பட்டது. இந்த ஒரு வாக்கியம் முன் சொன்ன அடைமொழி வரியைவிட அவரை உயர்த்திக் காட்டுகிறது. வினைச்சொல்லிலும் கவனம் தேவை. அந்த நிறுவனத்தை அவர் ‘நிறுவினார்’ என்பது தவறு. நிறுவியது அரசு, இடமும் பணமும் தந்தவர் அவர். ‘அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவினார்’ என்பதும் அப்படித்தான்: அவர் மறைந்தது 1957இல், பல்கலைக்கழகம் உருவானது 1985இல். அவர் தொடங்கியவை கல்லூரிகள். அதே சமயம், புகழ்மொழியை வெட்டுகிற வேகத்தில் ‘வள்ளல் என்று அழைக்கப்படுகிறார்’ என்ற வரியையும் தூக்கிவிடக் கூடாது. மக்கள் அப்படி அழைப்பது ஒரு செய்தி. சான்றோடு ஒருமுறை இருக்கட்டும்.

புகழ்மொழி பெரும்பாலும் மணிவிழா மலர்களிலிருந்து வருகிறது. செட்டிநாட்டில் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, மலர் போடும் வீடுகள் நிறைய. பிறந்த நாள், படித்த பள்ளி, பர்மாவிலோ மலாயாவிலோ கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போன விவரம் எல்லாம் அதில் கிடைக்கும், வேறெங்கும் கிடைக்காது. அதற்காக அந்த மலரை ஒதுக்க வேண்டாம். ஆனால் குடும்பத்தாரே போட்டது என்பதால், தேதிக்கும் ஊருக்கும் அதைச் சான்றாகக் காட்டலாம். ‘ஈடு இணையற்றவர்’ என்பதற்குக் காட்ட முடியாது. அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அவர் குறிப்பிடத்தக்கவரா என்பதற்கும் அது போதாது. மலரில் உள்ள பத்தியை அப்படியே ஒட்டுவது பதிப்புரிமை மீறல்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று பாதிக் கட்டுரையை அழிப்பது. நூறாண்டுக்கு முந்தைய மனிதருக்கான சான்று அச்சில்தான் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. ‘சான்று தேவை’ என்று குறியிட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. உயிரோடு இருப்பவர் கட்டுரை மட்டும் விலக்கு: சான்றில்லாத வழக்கு, சண்டை, குற்றச்சாட்டு எதுவானாலும் உடனே எடுத்துவிட வேண்டும். வீட்டு முகவரியும் பேரப்பிள்ளைகள் பெயரும் அங்கே வேண்டாம்.

எல்லாத் திருத்தத்தையும் ஒரே சேமிப்பில் போடாதீர்கள். ஒற்றுப்பிழைகளோடு தந்தை பெயரையும் மாற்றிச் சேமித்தால், அடுத்து வருகிறவரால் ஒன்றை வைத்து ஒன்றை மட்டும் மீட்க முடியாது. பெயர், தேதி, ஊர் மாற்றங்களைத் தனித்தனியாகச் சேமித்து, சேமிக்கும்போது மாற்றத்தைக் குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தில் எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். நீங்களே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால் கட்டுரையில் நேரடியாகக் கை வைக்காமல், உரையாடல் பக்கத்தில் உறவைச் சொல்லி மாற்றத்தைக் கேளுங்கள்.