திருப்பூரில் லிட்டியும் பானிபூரியும் வாங்குவது எப்படி

ஷிப்ட் முடிந்து பசியோடு வரும்போது முதல் தள்ளுவண்டியிலேயே நின்றுவிடாதீர்கள். பீகார், ஒடிசா பையன்கள் எதைச் சூழ்ந்து நிற்கிறார்களோ அதற்குப் போங்கள். அவர்கள் நாக்கு தப்பாது.

கடைக்காரரை 'பையா' என்று கூப்பிடலாம். நம்மூர்ப் பையன் இல்லைங்க, இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். 'டேய்' மட்டும் வேண்டாம்.

பானிபூரித் தண்ணீர் மூடி வைத்த பாத்திரத்தில் இருக்கிறதா, கையை அடிக்கடி கழுவுகிறாரா என்று பாருங்கள். காரம் ஆகாதென்றால் 'தீக்கா கம்' (காரம் குறைவாக) என்று சொல்லுங்கள். பூரியை முழுசாக வாயில் போடுங்கள். பாதி கடித்தால் புதினாத் தண்ணீர் சட்டையில்தான். என் கல்யாண வீட்டு வெள்ளைச் சட்டை அப்படித்தான் போனது. கடைசியில் 'சூக்கா' என்று கேட்டால் தண்ணீர் ஊற்றாத பூரி ஒன்று பெரும்பாலும் சும்மா கிடைக்கும்.

லிட்டி என்பது வறுத்த கொண்டைக்கடலை மாவும் ஓமமும் அடைத்துத் தணலில் சுட்ட கோதுமை உருண்டை. சூடாக உடைத்துப் பாருங்கள், கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறும். தொட்டுக்கொள்ளும் சோக்கா, சுட்ட கத்தரிக்காய் மசியல். நம் கடைசலுக்குப் பங்காளி. முதல் தடவை ஒன்று போதும், வயிறு கல்லாகிவிடும்.

சில்லறை கொண்டுபோங்கள். எங்கள் தெரு வண்டிக்காரர் இப்போதெல்லாம் தமிழிலேயே 'போதுங்களா?' என்று நம்மையே கேட்கிறார்.